நீக்குவதுதான் அட்மின் வேலையா?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் வரை நீளும் சிப்காட் தொழிற்பேட்டை வட்டாரத்தில் தொழிலாளியின் செல்போனில் நாலைந்து வாட்ஸ்அப் குரூப் இருப்பது சாதாரணம். வேலைவாய்ப்புக்கு ஒன்று, கம்பெனி பஸ்ஸுக்கு ஒன்று, ஹாஸ்டலுக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று, சொந்த ஊர்க்காரர்களுக்கு ஒன்று. அறிவிப்புப் பலகையில் ஏறாத செய்திகள் இவற்றில்தான் முதலில் வருகின்றன. இந்த குரூப்புகளை நடத்தும் அட்மின்களுக்குச் சம்பளம் கிடையாது. யாரும் ஓட்டுப் போட்டு அவர்களைத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. ஆனாலும் உறுப்பினர்களின் பார்வையில் அவர்கள் ஒன்று எல்லாம் வல்ல அதிகாரிகள், அல்லது எது நடந்தாலும் முதலில் மாட்டிக்கொள்ள வேண்டியவர்கள். இரண்டும் தவறு. இந்தத் தவறான பார்வைக்குக் காரணமும் உண்டு. அட்மின் ஒருவரை வெளியேற்றினாலோ ஒரு பதிவை அழித்தாலோ செயலி அவர் பெயரைப் போட்டு எல்லாருக்கும் காட்டுகிறது. அவர் செய்யும் மற்ற வேலைகள் எதுவும் திரையில் வருவதில்லை. ஆகவே நீக்குவதுதான் அவர் வேலை என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் ஒரு நல்ல அட்மினின் முக்கிய வேலை, குரூப்பில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு பொறுப்பாளி இருக்கும்படி பார்த்துக்கொள்வது. இதைப் புரிந்துகொள்ளாமல் அட்மினைத் திட்டுவதிலோ புகழ்வதிலோ பயனில்லை.

நம்பிக்கை 1: அட்மின் அனுமதித்தால்தான் குரூப்பில் எதுவும் வரும்

உண்மை: வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பதிவு வெளியாகும் முன் அட்மினின் ஒப்புதலுக்குப் போவதில்லை. மற்றவர்கள் எப்போது பார்க்கிறார்களோ அப்போதுதான் அவரும் பார்க்கிறார். இரவு ஷிப்டுக்குப் போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட்டுப் போகிற தொழிலாளிதான் அட்மின் என்றால், எல்லாரும் பார்த்து முடித்த பிறகு விடியற்காலையில்தான் அவர் கண்ணில் அது படும். ஃபேஸ்புக் குழுக்களில் பதிவை முன்கூட்டியே பார்த்து அனுமதிக்கும் ஏற்பாடு உண்டு. வாட்ஸ்அப் குரூப் உரையாடலில் அது இல்லை. ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம், அழைப்பு லிங்க்கை மாற்றலாம், அட்மின்கள் மட்டும் பேசும்படி குரூப்பைப் பூட்டலாம். அடுத்தவர் போட்ட பதிவை எல்லார் திரையிலிருந்தும் அழிக்கும் வசதி 2022-ல்தான் அட்மின்களுக்குக் கிடைத்தது. ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை இருக்கலாம். அத்தனை பேரில் பத்துப் பேர் அதற்குள் அதை வேறு குரூப்புக்கு அனுப்பியிருந்தால், இங்கே அழிப்பதால் அங்கே எதுவும் அழியாது.

பரவும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பூட்டு எங்கே இருக்கிறது என்பதை 2018 காட்டியது. குழந்தை கடத்தல் கும்பல் வந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி அந்த ஆண்டு தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் பரவியது. மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த சென்னை மூதாட்டி ஒருவர் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். நாடெங்கும் இப்படிப் பல உயிர்கள் போன பிறகு, அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாது என்ற வரம்பை வாட்ஸ்அப் கொண்டுவந்தது. பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்ற வரம்பு 2020 ஏப்ரலில் வந்தது. இரண்டு வரம்புகளும் அனுப்புகிறவரின் விரலுக்குப் போட்டவை. வதந்தி பரவுவது அங்கேதான் என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

நம்பிக்கை 2: யார் என்ன போட்டாலும் முதலில் ஜெயிலுக்குப் போவது அட்மின்தான்

உண்மை: நீதிமன்றங்கள் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்லியிருக்கின்றன. 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஓர் அவதூறு வழக்கில், உறுப்பினர் எழுதியதற்கு அட்மினைப் பொறுப்பாக்குவது, பத்திரிகையில் வந்த அவதூறுக்குக் காகிதம் தயாரித்தவரைப் பிடிப்பதற்குச் சமம் என்ற பொருளில் தீர்ப்பளித்தது. அட்மினின் ஒப்புதல் இல்லாமலே பதிவு வெளியாகிவிடுகிறது என்பதையும் சுட்டிக்காட்டியது. 2021 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, அட்மினுக்கு இருப்பது சேர்க்கும், நீக்கும் அதிகாரம் மட்டுமே, உறுப்பினரோடு சேர்ந்து திட்டமிட்டார் என்று காட்டாமல் அவர் மீது குற்றம் சுமத்த முடியாது என்றது. அந்தத் தீர்ப்பைப் பின்பற்றி அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கரூர் வழக்கறிஞர்கள் குரூப் ஒன்றின் அட்மின் தொடர்பான வழக்கில், அவர் அட்மினாக மட்டுமே இருந்தார், வேறெதுவும் செய்யவில்லை என்று விசாரணையில் தெரிந்தால் குற்றப்பத்திரிகையிலிருந்து அவர் பெயரை நீக்க வேண்டும் என்று போலீசாருக்கு உத்தரவிட்டது. 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் இதையே சொன்னது. அட்மினுக்கும் உறுப்பினருக்கும் இடையே முதலாளி–தொழிலாளி உறவு கிடையாது, எனவே ஒருவர் செயலுக்கு இன்னொருவர் பொறுப்பாக முடியாது என்பது அதன் வாதம்.

அப்படியானால் சட்டம் யாரைப் பார்க்கிறது? எழுதியவரை, அடுத்தபடியாக அனுப்பியவரை. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவைப் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகரின் வழக்கில், நான் எழுதவில்லை, பகிர்ந்தேன், பிறகு நீக்கிவிட்டேன் என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமும் அடுத்த மாதம் தலையிட மறுத்தது. ஆக, படிக்காமலே ஃபார்வேர்டு பட்டனை அழுத்தும் உறுப்பினர், சும்மா இருக்கும் அட்மினைவிடச் சட்டத்துக்கு அருகில் நிற்கிறார். இதனால் அட்மின் எதையும் செய்யலாம் என்று ஆகிவிடாது. தானே எழுதினால், சேர்ந்து திட்டமிட்டால், அவரும் குற்றவாளிதான். ஆனால் வெறும் பயத்தால் நிதானமானவர்கள் அட்மின் பொறுப்பை மறுத்துவிட்டால், அந்த இடத்தை நிரப்புவது கமிஷனுக்காக ஆள் பிடிக்கும் புரோக்கர்கள்தான். இந்த நம்பிக்கை செய்யும் பெரிய கெடுதல் அதுவே.

நம்பிக்கை 3: நல்ல அட்மின் வதந்தியைக் கண்டதும் அழித்துவிடுவார்

உண்மை: மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத் தெரியும் இந்த நம்பிக்கைதான் மிகவும் ஆபத்தானது. 2021 டிசம்பர் இதற்குச் சான்று. சுங்குவார்சத்திரம் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பகுதி ஹாஸ்டல் ஒன்றில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அடுத்த நாட்களில் சிலர் ஷிப்டுக்கு வராததைக் கண்ட மற்றவர்களுக்கு, அவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி செல்போன் வழியாக வந்து சேர்ந்தது. டிசம்பர் 17 இரவு தொடங்கி மறுநாளும் அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்கள். யாரும் இறக்கவில்லை என்று மாவட்ட நிர்வாகம் விளக்கியது. இறந்தார்கள் என்பது பொய். ஆனால் ஹாஸ்டல் நிலை மோசம் என்பது உண்மை. அந்த மாதக் கடைசியில் ஆப்பிள் நிறுவனமே, சில தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று அறிவித்து ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. போராட்டத்துக்குப் பின் மூடிய ஆலை 2022 ஜனவரி 12-ல்தான் திரும்பத் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் அளவுக்கு 706.50 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்ட விடுதி திறக்கப்பட்டதை, தங்குமிடம் எவ்வளவு பெரிய தேவை என்பதற்கான அரசின் ஒப்புதலாகவே கொள்ளலாம்.

இப்போது அந்த வாரத்தில் ஒரு ஹாஸ்டல் குரூப்பின் அட்மினாக இருப்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஒரே பதிவில் இரண்டு வாக்கியம்: சாப்பாட்டில் விஷம், தோழிகள் ஆஸ்பத்திரியில்; சிலர் செத்துவிட்டார்கள். முழுப் பதிவையும் அழித்தால் உண்மையும் சேர்ந்து அழிகிறது. அழித்ததையே மறைப்பதற்கான ஆதாரமாக எடுத்துக்கொள்வார்கள். அப்படியே விட்டால் பொய் பரவும். அவர் செய்யக்கூடியது மூன்றாவது ஒன்று: யார் பார்த்தது, எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, கடைசியாக எப்போது பேசினீர்கள் என்று அந்த இடத்திலேயே எல்லார் முன்னும் கேட்பது, பதில் வந்ததும் அதையே மேலே ஒட்டிவைப்பது. யார் சொன்னது என்ற கேள்விக்கு ஆள் கிடைக்காத வாக்கியம் தானாகவே பலம் இழக்கும். ஆள் கிடைத்த வாக்கியம் நிற்கும். நிர்வாகமும் அதிகாரிகளும் வாய் திறக்காத நேரங்களில் தொழிலாளிக்குச் செய்தி வரும் வழி குரூப் ஒன்றுதான் என்பதால், வழியை அடைப்பதைவிட அதில் வருவதைச் சலிப்பதுதான் உதவும்.

பொய்யும் மெய்யும் கலந்து வருவது ஒரு வகை. இரண்டும் மெய்யாக இருந்து ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றுவது இன்னொரு வகை. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9-ல் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் 15 வரை நீடித்தது. இடையில் அக்டோபர் 7-ல் அமைச்சர்கள் முன்னிலையில் நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. சிஐடியு ஆதரவு பெற்ற சங்கமோ வேலைநிறுத்தம் தொடரும் என்றது. அன்று மாலை ஒப்பந்தம் முடிந்தது என்று போட்டவரும் பொய் சொல்லவில்லை, போராட்டம் தொடர்கிறது என்று போட்டவரும் பொய் சொல்லவில்லை. எது உண்மை என்று தீர்ப்புச் சொல்லி ஒன்றை நீக்கும் அட்மின், தனக்கே தெரியாமல் ஒரு தரப்பின் ஆளாகிவிடுவார். யாரோடு யார் கையெழுத்திட்டார்கள், தொடரும் என்று சொன்னது யார் என்பதை இரண்டு பதிவுகளிலும் சேர்க்கச் சொல்பவர்தான் குரூப்புக்கு உண்மையைத் தருகிறார்.

நம்பிக்கை 4: அட்மின் என்பது சும்மா உட்கார்ந்து செய்யும் வேலை

உண்மை: வேலைவாய்ப்பு குரூப்பில் வழக்கமாக வரும் ஒரு பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரகடத்தில் உடனடி வேலை, பத்தாவது முதல் டிகிரி வரை, சாப்பாடு, ரூம், பஸ் இலவசம், கீழே ஒரு செல் நம்பர். கம்பெனி பெயர் இல்லை. கேட் எது என்று இல்லை. நேரடி வேலையா, கான்ட்ராக்டா என்று இல்லை. பணம் கேட்பது பதிவில் இருக்காது. போன் செய்த பிறகுதான் ரெஜிஸ்ட்ரேஷன், யூனிஃபார்ம் என்று பெயர் வைத்து ஜிபேயில் ஐநூறு, ஆயிரம் கேட்பார்கள். இதை வடிகட்டுவதற்கு அட்மின் அந்த எண்ணுக்குப் பேச வேண்டும், கான்ட்ராக்டரின் பெயரைக் கேட்டு வாங்க வேண்டும், அதே எண் வேறு பெயரில் வேறு வேலை போட்டிருக்கிறதா என்று குரூப்பில் பின்னோக்கித் தேட வேண்டும், ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர் யாராவது தனியாகச் செய்தி அனுப்பினால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேசச் சொல்ல வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு குரூப்பில் தெரிவது ஒரு பதிவு நீக்கப்பட்டது என்ற ஒற்றை வரி. ஏன் நீக்கினாய், வேலை தேடுகிறவன் வயிற்றில் அடிக்கிறாயா என்றும் சிலர் கேட்பார்கள்.

பெண்கள் இருக்கும் குரூப்புகளில் இன்னொரு வேலை கூடும். வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தவரின் எண் மற்ற எல்லாருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பதினெட்டு, இருபது வயதுப் பெண்ணின் எண் ஆயிரம் பேர் கையில் போய்விடுகிறது. குரூப்பில் மரியாதையாக இருக்கிற ஒருவன் தனி உரையாடலில் தொல்லை கொடுத்தால் அட்மினால் அதைப் பார்க்க முடியாது. அந்தப் பெண் சொன்னால்தான் தெரியும். சொல்லும் அளவுக்கு நம்பிக்கையைச் சம்பாதிப்பது, சொன்னவர் யார் என்று வெளியே தெரியாமல் அந்த ஆளை வெளியேற்றுவது, போலீசுக்குப் போக விரும்பினால் ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்வது, எல்லாம் சத்தமில்லாமல் நடக்க வேண்டியவை. வெளியேற்றப்பட்டவனின் நண்பர்களுக்குக் காரணம் சொல்லவும் முடியாது. ஆகவே அட்மின் சர்வாதிகாரி என்ற பெயரையும் அவர் சுமக்க வேண்டும்.

மொழியும் ஒரு சுமை. இந்த வட்டாரத்தில் தமிழோடு இந்தி, ஒடியா, வங்காளம், அசாமிய மொழி பேசும் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவியபோது, அவை பெரும்பாலும் இந்தியில், வடமாநிலத்தவரின் குரூப்புகளில் ஓடின. தொடர்பே இல்லாத சம்பவங்களின் காட்சிகள் என்று தமிழ்நாடு காவல்துறை மறுத்தது. பீகார் அரசு அனுப்பிய குழு இங்கே வந்து விசாரித்தது. தமிழ் மட்டும் தெரிந்த அட்மின் அந்த நேரத்தில் எதையும் தடுத்திருக்க முடியாது. எது ஓடுகிறது என்பதே அவருக்குப் புரிந்திருக்காது. இந்தி தெரிந்த ஒரு பீகார் தொழிலாளி, நான் ஒரகடத்தில்தான் இருக்கிறேன், இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று தன் குரூப்பில் தன் குரலில் சொல்வது, பத்து அறிக்கைகளைவிடப் பலமானது. அப்படிச் சொல்லக்கூடியவரை அட்மினாக ஆக்கியிருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

சம்பளமில்லாத இந்த உழைப்பு ஸ்ரீபெரும்புதூரின் தனிச் சிக்கல் இல்லை. அமெரிக்காவில் ஏஓஎல் நிறுவனத்தின் அரட்டை அறைகளைப் பார்த்துக்கொண்ட தன்னார்வலர்கள், இதுவும் வேலைதான், கூலி கொடு என்று 1999-ல் வழக்குப் போட்டார்கள். 2010-ல் ஒன்றரைக் கோடி டாலரில் அது தீர்ந்தது. கொடூரக் காட்சிகளை நாள் முழுக்கப் பார்த்து நீக்கும் கூலி ஊழியர்களின் மனநலப் பாதிப்புக்காக 5.2 கோடி டாலர் கொடுக்க 2020-ல் ஃபேஸ்புக் சம்மதித்தது. உலகின் பணக்கார நிறுவனங்களே இதற்காகப் பணம் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்ட பிறகு, நாம் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பது என்று சொல்வது நியாயமில்லை.

நம்பிக்கை 5: என் பதிவை நீக்கினார் என்றால் என்மேல் பகை

உண்மை: சில நேரம் பகையாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலான கசப்புக்குக் காரணம் விளக்கம் இல்லாததுதான். ரெட்டிட் தளத்தில் பதிவு நீக்கப்பட்ட 907 பேரிடம் ஷகுன் ஜாவேரும் அவருடைய சக ஆய்வாளர்களும் கேட்டு 2019-ல் வெளியிட்ட ஆய்வில், நீக்கியது சரிதான் என்று ஒப்புக்கொண்டவர்கள் 18 சதவீதம். ஏன் நீக்கினார்கள் என்றே புரியவில்லை என்றவர்கள் 37 சதவீதம். அதே தளத்தின் அறிவியல் குழுவில் ஆய்வாளர் நேதன் மத்தியாஸ் நடத்திய சோதனை, விதிகளை உரையாடலின் உச்சியில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டிவைத்தபோது புதிதாக வருபவர்கள் விதியை மதிப்பது கூடியதோடு, துணிந்து பேச வருபவர்களின் எண்ணிக்கையும் கூடியது என்று காட்டியது. இரண்டாவது முடிவு கவனிக்க வேண்டியது. கட்டுப்பாடு வந்தால் பேச்சு குறையும் என்று பயப்படுகிறோம். தெளிவான விதி இருந்தால் பயந்து ஒதுங்கியிருந்தவர்கள் வாய் திறக்கிறார்கள். ஆண்கள் அதிகம் பேசும் குரூப்பில் பெண்களும், தமிழர்கள் அதிகம் பேசும் குரூப்பில் வடமாநிலத்தவரும் பேச வேண்டுமானால் இதுதான் வழி.

இதற்கு எதிராகச் சில நியாயமான கேள்விகள் உண்டு. எல்லாவற்றையும் வாட்ஸ்அப் நிறுவனமே பார்த்துக்கொள்ளக் கூடாதா? செய்திகள் முனைக்கு முனை குறியாக்கம் செய்யப்பட்டவை என்பதால் நிறுவனத்தால் அவற்றைப் படிக்க முடியாது. உறுப்பினர் ஒருவர் புகார் செய்தால் மட்டும் அந்த உரையாடலின் கடைசி சில செய்திகள் அதற்குப் போகும். மாதந்தோறும் லட்சக்கணக்கான இந்தியக் கணக்குகளை அது முடக்குகிறது. ஆனால் ஒரு ஹாஸ்டலில் யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. அரசு சொல்வதை மட்டும் நம்பினால் போதாதா? 2023-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தகவல் சரிபார்ப்பகமும் யூடர்ன் போன்ற சரிபார்ப்பு முயற்சிகளும் பரவிவிட்ட பொய்யை உடைப்பதில் உதவுகின்றன. ஆனால் அவை பதில் சொல்ல மணிக்கணக்காகும். நெடுஞ்சாலையில் உட்காருவதா வேண்டாமா என்ற முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடும். மேலும் அதிகாரப்பூர்வ அறிவிப்பு வரும்வரை வாய் மூடியிருங்கள் என்று 2021 டிசம்பரில் சொல்லியிருந்தால் ஹாஸ்டல்களின் நிலை வெளியே வந்தே இருக்காது.

அட்மினே பாரபட்சமானவர் என்றால்? கடினமான கேள்வி இதுதான். நிர்வாகத்துக்கு ஆதரவானவர், ஒரு கட்சிக்காரர், ஒரு சாதிக்காரர், கமிஷன் வாங்குகிறவர் என்று யார் வேண்டுமானாலும் அட்மினாகலாம். நல்லவரைத் தேடுவது மட்டும் இதற்குத் தீர்வாகாது. ஒருவர் கையிலேயே எல்லாம் இருப்பதை மாற்ற வேண்டும். ஒரு குரூப்புக்கு மூன்று அட்மின்களாவது இருக்கட்டும்: வேறு வேறு ஷிப்ட், முடிந்தால் வேறு வேறு மொழி, ஒருவராவது பெண். ஐந்தாறு வரியில் விதிகள் குரூப் விவரத்தில் நிற்கட்டும். ஒரு பதிவை நீக்கினால் எந்த விதிப்படி என்று ஒரு வரி எழுதட்டும். தொல்லை கொடுத்தவரை நீக்கும்போது மட்டும் புகார் சொன்னவரைக் காக்க அந்த வரியைச் சுருக்கிக்கொள்ளட்டும். நீக்கப்பட்டவர் இன்னொரு அட்மினிடம் முறையிட வழி இருக்கட்டும். சங்கம் நடத்துகிறவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. பொறுப்பாளர், கணக்கு, கூட்டத் தீர்மானம் என்று அவர்கள் ஏற்கெனவே செய்வதை செல்போனுக்கும் கொண்டுவருகிறார்கள், அவ்வளவுதான்.

உறுப்பினர்களின் பங்கும் இதில் குறைவில்லை. ஆயிரம் பேர் உள்ள குரூப்பில் யார் சொன்னது, நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்கும் உரிமை அட்மினுக்கு மட்டும் கொடுக்கப்பட்டதல்ல. அந்தக் கேள்வியை உறுப்பினர்களே கேட்டுப் பழகிய குரூப்பில் அட்மின் எதையும் அழிக்க வேண்டிய தேவை அபூர்வமாகத்தான் வரும். கேட்காத குரூப்பில் எவ்வளவு நல்ல அட்மினும் தோற்றுப்போவார். ஆகவே ஒரு குரூப் எப்படி நடக்கிறது என்று மதிப்பிட விரும்பினால், அங்கே எத்தனை பதிவு நீக்கப்பட்டது என்று எண்ணிப் பார்க்க வேண்டாம். பொறுப்பாளி இல்லாத செய்தி வரும்போது அங்கே எத்தனை பேர் கேள்வி கேட்கிறார்கள் என்று பாருங்கள்.